சத்துணவு, காலை உணவு: பெத்தவங்க திரும்பத் திரும்பக் கேட்கற கேள்விகள்

அரசுப் பள்ளியில பிள்ளையைச் சேர்க்கறவங்க, சேர்த்துட்டு சாப்பாட்டுக்குப் பேர் கொடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கறவங்க, பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதுசா வந்தவங்க, இவங்க எல்லாரும் கேட்கற கேள்விகளை ஒரே இடத்துல போட்டிருக்கேன். நானும் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவதான், இப்ப என் பொண்ணும் அதைத்தான் சாப்பிடறா, அதனால இந்த விஷயத்துல பட்டும்படாம பேச எனக்கு வராது. தமிழ்நாட்டை வச்சுத்தான் எழுதியிருக்கேன், மத்த ஊர் பத்தி தேவைப்படற இடத்துல மட்டும் சொல்றேன்.

சத்துணவு, மதிய உணவு, காலை உணவு, பி.எம். போஷன்... இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

மத்தியானம் போடறதைத்தான் நாம சத்துணவுன்னு சொல்றோம். அதுல 8ஆம் கிளாஸ் வரைக்கும் ஒன்றிய அரசு திட்டமும் சேர்ந்திருக்கு, அந்தத் திட்டத்துக்குத்தான் 2021 செப்டம்பர்ல பி.எம். போஷன்னு பேர் மாத்தினாங்க. அரிசி ஒன்றிய அரசு கொடுக்குது, சமையல் செலவுக்கு அவங்க விதிப்படி அவங்க 60 மாநிலம் 40னு பிரிச்சுக்கறாங்க. 9, 10ஆம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஆகற செலவு மாநிலத்தோடது. காலைல போடறது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அது மாநில அரசு பணத்துல, 1ஆம் கிளாஸ்ல இருந்து 5ஆம் கிளாஸ் வரைக்கும்னு ஆரம்பிச்சது. அங்கன்வாடி தனிக் கணக்கு.

இதை யாருதான் ஆரம்பிச்சது? ஒருத்தர் காமராசர்ங்கறார், ஒருத்தர் எம்.ஜி.ஆர்.ங்கறார்.

ரெண்டு பேருக்கும் முன்னாடியே இருக்கு. 1920ல நீதிக்கட்சிக்காரரான பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்தப்ப, ஆயிரம் விளக்குல இருந்த மாநகராட்சிப் பள்ளியில பிள்ளைங்களுக்கு மத்தியானம் சாப்பாடு போடணும்னு தீர்மானம் போட்டாங்க, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுங்கற கணக்கோட. பசியோட வர்ற பிள்ளை படிக்க மாட்டான், பசி தாங்காம வராமலே போயிடுவான்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு மாநகராட்சி யோசிச்சிருக்குன்னா அது சாதாரண விஷயம் இல்ல. காசு பிரச்சனையில அது சில வருஷத்துல நின்னுபோச்சு.

அப்புறம் 1956ல காமராசர் முதலமைச்சரா இருக்கும்போது, கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பக்கத்துல நின்னு நடத்திக் கொடுக்க, மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவுச்சு. அப்ப அரசுகிட்டயும் பெருசா பணம் கிடையாது, அதனால ஊர்க்காரங்க பிடி அரிசி, காய்கறி, விறகுன்னு கொடுத்து நடத்தினாங்க. 1961ல இருந்து அமெரிக்காவோட கேர்ங்கற உதவி நிறுவனம் பால் பவுடர், எண்ணெய், தானியம் எல்லாம் கொடுத்தது. உங்க வீட்டுல எழுபது வயசுக்கு மேல யாராவது இருந்தா ஸ்கூல்ல கொடுத்த பால் பவுடர் பத்திக் கேட்டுப் பாருங்க, நல்லா ஞாபகம் வச்சிருப்பாங்க.

1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பக்கத்துல பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சார். முதல்ல கிராமத்துல அங்கன்வாடியும் தொடக்கப்பள்ளியும், அதே வருஷம் நகரங்கள், 1984ல 15 வயசு வரைக்கும்னு ஆச்சு. இது முன்ன இருந்ததை விட ரொம்பப் பெருசு, ஊர்க்காரங்க தயவு, வெளிநாட்டு உதவி எதையும் நம்பாம அரசோட சொந்தப் பொறுப்பா மாறினது இங்கதான். இவ்வளவு பணத்துக்கு எங்க போறதுன்னு அப்ப பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கேட்டாங்க, இருந்தாலும் நடந்துச்சு. கருணாநிதி முட்டையைக் கொண்டு வந்தார், ஜெயலலிதா 2013ல சோதனையா ஆரம்பிச்சு அடுத்த வருஷம் எல்லா இடத்துக்கும் கலவை சாதம், மசாலா முட்டைன்னு மெனுவையே மாத்தினார், ஸ்டாலின் 2022 செப்டம்பர் 15 அன்னிக்கு மதுரையில காலை உணவை ஆரம்பிச்சார். ஒரு ஆட்சி கொண்டு வந்ததை அடுத்த ஆட்சி நிறுத்தாம மேல மேல சேர்த்துக்கிட்டே வந்திருக்கு, என்னைக் கேட்டா தமிழ்நாட்டு அரசியல்ல மனசாரப் பெருமைப்படக்கூடிய விஷயம் இதுதான்.

சாப்பாடு போட்டா படிப்பு எப்படி வரும்? டீச்சர் நல்லா சொல்லிக் கொடுத்தாத்தானே வரும்?

டீச்சர் சொல்லிக் கொடுக்கறது காதுல ஏறணும்ல. காலைல ஒரு டீ, ரெண்டு பொறை பிஸ்கெட், அதோட ஆறு வயசுப் பிள்ளை கிளாஸ்ல உட்கார்ந்தா பத்தரை மணிக்கே கண்ணு சொருகும், வயித்த வலிக்குதுன்னு சொல்லும், டீச்சருக்கு அது சோம்பேறித்தனமாத் தெரியும். பக்கத்துல இருந்து பார்த்தவங்களுக்கு இது புரியும்.

இது மூணு வழியில வேலை செய்யுது. முதல்ல பிள்ளை ஸ்கூலுக்கு வர்றான். கூலி வேலைக்குப் போற அம்மா காலைல ஆறு மணிக்கே கிளம்பிடறாங்க, ஸ்கூலுக்குப் போனா சாப்பாடு உண்டுங்கறது அந்த வீட்டுல பெரிய காரணம், அதுலயும் பொம்பளப் பிள்ளைங்களை வீட்டுல நிறுத்திக்கறது குறையுது. காலை உணவு வந்த பிறகு மாநிலத் திட்டக் குழு பார்த்ததுல பெரும்பாலான பள்ளிகள்ல வருகை கூடியிருந்தது. ரெண்டாவது, வந்த பிள்ளை கவனமா உட்கார்றான். மூணாவது கண்ணுக்குத் தெரியாது, ரத்தம், உயரம், எடை எல்லாம் மெதுவா சேர்ற விஷயம்.

இதெல்லாம் வாய்ப்பேச்சு இல்ல. இந்தியா முழுக்க கிராமத்துப் பிள்ளைங்களோட வாசிப்பு, கணக்குப் பரீட்சை மார்க்கை வச்சு 2019ல வெளியான ஒரு ஆய்வுல, தொடக்கப்பள்ளிக் காலம் முழுக்க, அதாவது அஞ்சு வருஷம் வரைக்கும் மதிய உணவு கிடைச்ச பிள்ளைங்க, ஒரு வருஷத்துக்கும் குறைவா கிடைச்ச பிள்ளைங்களை விட வாசிப்புல 18 சதவீதம், கணக்குல 9 சதவீதம் மேல இருந்தாங்க. இதுல நான் கவனிக்கற விஷயம் அந்த அஞ்சு வருஷம்தான். ஒரு மாசம் போட்டுட்டு என்ன பலன்னு கேட்டா ஒண்ணும் தெரியாது, தொடர்ந்து தினமும் கிடைச்சாத்தான் பலன். அதனாலதான் நாலு நாள் சமையல் நின்னாக்கூட நாம சும்மா இருக்கக்கூடாதுங்கறேன்.

இன்னொன்னு 2021ல வந்தது. சின்ன வயசுல ஸ்கூல்ல மதிய உணவு சாப்பிட்ட பொண்ணுங்க வளர்ந்து கல்யாணமாகி அம்மா ஆனப்ப, அவங்க பிள்ளைங்களும் வயசுக்கேத்த உயரத்தோட இருந்தாங்கன்னு இருபது வருஷத்துக்கு மேல உள்ள தேசிய கணக்கெடுப்புகளை வச்சு கண்டுபிடிச்சாங்க. அந்தப் பொண்ணுங்க கூடுதலா படிச்சது, கொஞ்சம் லேட்டா கல்யாணம் பண்ணது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாம் அதுக்குக் காரணம்னு சொல்றாங்க. இன்னிக்கு உங்க பொண்ணு தட்டுல விழற சோறு உங்க பேரன் பேத்தி வரைக்கும் போகுதுங்க.

ஸ்கூல்ல சாப்பிடறான்னு தெரிஞ்சா வீட்டுல கொடுக்கறதைக் குறைச்சிடுவாங்களே, அப்புறம் என்ன லாபம்?

இந்தச் சந்தேகம் ஆராய்ச்சி பண்றவங்களுக்கே இருந்துச்சு. மத்தியப் பிரதேசத்துல பிள்ளைங்க என்ன சாப்பிட்டாங்கன்னு விசாரிச்சுப் பார்த்ததுல, ஸ்கூல்ல கொடுத்த சத்துல குறைஞ்சது பாதியாவது, சில சத்து முழுசாவே, கூடுதலாத்தான் உடம்புல சேர்ந்திருக்கு. வீட்டுல பெருசா கை வைக்கல. ஒருங்கிணைந்த ஆந்திராவுல நடந்த இன்னொரு ஆய்வுல, வறட்சியில அடிபட்டு வளர்ச்சி குறைஞ்ச சின்னப் பிள்ளைங்க, ஸ்கூல் சாப்பாடு கிடைச்ச பிறகு இழந்ததைத் திரும்பப் பிடிச்சதாத் தெரிஞ்சுது. மழை பொய்ச்ச வருஷத்துலயும் அந்தத் தட்டு அங்க இருக்கும்ங்கறது சாதாரண உதவி இல்ல.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு போடணும்னு கணக்கு இருக்கா?

இருக்கு. தேசிய விதிப்படி 1ல இருந்து 5 வரைக்கும் 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். 6ல இருந்து 8 வரைக்கும் 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, 7.5 கிராம் எண்ணெய். எல்லாமே சமைக்கறதுக்கு முன்னாடி உள்ள எடை. இதுல சின்னப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், பெரிய பிள்ளைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்கணும்னு 2013ல வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு. காலை உணவுல அரிசியோ ரவையோ கோதுமை ரவையோ 50 கிராம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு.

நடைமுறையில அரிசி குறையறது அபூர்வம், குறையறதுன்னா காயும் பருப்பும்தான். சாம்பார் தண்ணியா இருந்தா கணக்குல எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம். காய்கறி விலை ஏறும்போது கொடுக்கற காசு அப்படியே இருக்கறதும் ஒரு காரணம், அதை சத்துணவு மையத்தை நடத்தற அமைப்பாளர் மேல மட்டும் போட முடியாது.

முட்டைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏன்னா அரிசிச் சோத்துல இல்லாதது அதுல இருக்கு. ஒரு முட்டையில சுமார் 6 கிராம் நல்ல புரதம், அதோட பி12, வைட்டமின் ஏ எல்லாம். திருடவும் முடியாது, தண்ணி கலக்கவும் முடியாது, பாலுக்கும் பருப்புக்கும் இல்லாத பெரிய வசதி இது. தட்டுல முழுசா ஒண்ணு இருக்கா இல்லையான்னு முதல் கிளாஸ் பிள்ளைக்கே தெரியும்.

1989ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சுது. 1998ல வாரம் ஒண்ணு, 2006ல ரெண்டு, 2007ல மூணு, 2010ல வாரம் அஞ்சு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. பல வட மாநிலங்கள்ல முட்டையா வேணாமான்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, நாமக்கல் இருக்கற மாநிலத்துல நமக்கு அந்தச் சண்டை இல்லாதது பெரிய அதிர்ஷ்டம்.

பிள்ளை வெறும் அவிச்ச முட்டையை ஒதுக்கறான்னா மிளகு முட்டை, வெங்காயம் தக்காளி மசாலா முட்டைன்னு மெனுவுலயே இருக்கு, அப்படிச் செஞ்சு கொடுக்கறாங்களான்னு கேளுங்க. மஞ்சக்கருவை மட்டும் தூக்கிப் போடற பிள்ளைங்க நிறைய, ரொம்பச் சத்து அதுலதான் இருக்குன்னு வீட்டுல சொல்லி அனுப்புங்க.

காலைல உப்புமா, கிச்சடி, பொங்கல்னு போடறாங்களே, அதெல்லாம் சத்தா?

தனி உப்புமான்னா வெறும் மாவுச்சத்துதான். அதனாலதான் கூட காய்கறி சாம்பார் இருக்கணும், கிச்சடின்னா காய் போட்டுத்தான் கிண்டணும்னு வச்சிருக்காங்க. உள்ளூர்ல கிடைக்கற சிறுதானியமும் சேர்க்கச் சொல்லியிருக்காங்க, அது எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி நடக்கறதில்ல. காலை உணவுல இன்னும் கொஞ்சம் பயறு, சுண்டல் மாதிரி புரதம் சேர்க்கணும்ங்கறது என்னோட ஆசை. ஆனா காலி வயித்தோட ஒப்பிட்டா சூடான ஒரு தட்டு கிச்சடி எவ்வளவோ மேல.

காலை உணவுத் திட்டம் முதல்ல 1,545 பள்ளியில 1.14 லட்சம் பிள்ளைங்களுக்குன்னு தொடங்கினது, 2023 ஆகஸ்ட் 25ல திருக்குவளையில இருந்து 31,008 அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் போச்சு, கிட்டத்தட்ட பதினைஞ்சே முக்கால் லட்சம் பிள்ளைங்க. 2024 ஜூலைல கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளிகள், 2025 ஆகஸ்ட்ல நகரத்து அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்துச்சு.

தினமும் ஸ்கூல்ல சாப்பிடறான், ஆனாலும் சோர்வாவே இருக்கான், எடை ஏறல. ஏன்?

சாப்பாடு மட்டும் எல்லாத்தையும் சரி பண்ணாது. ரெண்டு விஷயத்தை முதல்ல பாருங்க.

ஒண்ணு குடல்புழு. பிள்ளை சாப்பிடறதுல ஒரு பங்கை அதுவே எடுத்துக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, பொதுவா பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும், ஸ்கூல்ல அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பாங்க, அன்னிக்கு லீவு போடாதீங்க, போட்டிருந்தா விடுபட்டவங்களுக்குன்னு திரும்பக் கொடுக்கற நாள்ல அனுப்புங்க. அதை மென்னு முழுங்கணும். கூடவே சோப்பு போட்டு கை கழுவறது, செருப்பு போடறது, நகம் வெட்டறது. ஸ்கூல் குழாய்கிட்ட சோப்பு இல்லன்னா பத்து ரூபாய் சோப்புக்கு யாரையும் எதிர்பார்க்க வேணாம், நாமளே வாங்கி வைக்கலாம்.

ரெண்டாவது ரத்தசோகை. கண்ணோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தா வெளுத்துப் போயிருக்கும், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். சில பிள்ளைங்க பச்சரிசியை மெல்லும், சாக்பீஸ், சிலேட்டுக்குச்சி, மண்ணு எல்லாம் திங்கும். அடிக்காதீங்க, அது கெட்ட பழக்கம்னு நாம நினைக்கறோம், பல சமயம் அது இரும்புச்சத்துக் குறைவோட அடையாளம். ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பார்க்கச் சொல்லுங்க. ஸ்கூல்ல வாரத்துக்கு ஒண்ணு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பாங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு ரோஸ் கலர், பத்து வயசுக்கு மேல நீலக் கலர். சாப்பிட்ட பிறகு போடணும், வெறும் வயித்துல போட்டாத்தான் குமட்டும், அதைப் பார்த்துட்டு மாத்திரையே வேணாம்னு நிறுத்தறவங்க ரொம்பப் பேர். மலம் கறுப்பாப் போனா பயப்படாதீங்க, அது அப்படித்தான்.

டீ, காபியைச் சாப்பாட்டோட கொடுக்காதீங்க, இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தா நல்லா சேரும். எலுமிச்சை சாதம் போடற நாள்ல கீரையோ சுண்டலோ கூட இருந்தா அது ரொம்ப நல்ல ஜோடி.

அப்புறம் அந்த அஞ்சு ரூபா பாக்கெட். ஸ்கூல் வாசல்ல வாங்கற கலர் கலரான பாக்கெட்டைத் தின்னுட்டு உள்ள போய் உட்கார்ற பிள்ளைக்கு மத்தியானம் எப்படிப் பசிக்கும்? சத்துணவு ருசியா இல்லன்னு சொல்ற பாதிப் பிள்ளைங்களுக்கு உண்மையான பிரச்சனை இதுதான்.

அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல வருதே?

அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 கலந்து அரிசி வடிவத்துலயே செஞ்சு, 100 கிலோவுக்கு 1 கிலோன்னு சேர்க்கறாங்க. நிறம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும், சிலது தண்ணியில மிதக்கும், அதைப் பார்த்துட்டு பொறுக்கி எறியறாங்க. எறிய வேணாம். வீட்டுல யாருக்காவது தலசீமியா, அரிவாள் செல் நோய் மாதிரி பரம்பரை ரத்த நோய் இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுக்கோங்க.

பாதுகாப்பா இருக்குமா? செய்தியில பார்க்கறதெல்லாம் பயமா இருக்கு.

பயத்துல நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். 2004 ஜூலை 16, கும்பகோணத்துல ஒரு பள்ளியில மதிய உணவு சமைக்கற இடத்துல பிடிச்ச தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைங்க செத்துப்போனாங்க. 2013ல, அதே ஜூலை 16, பீகார்ல சரண் மாவட்டத்துல ஒரு கிராமத்துப் பள்ளியில மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைங்க இறந்தாங்க, சமையல் எண்ணெய்ல மோனோகுரோட்டோபாஸ்ங்கற பூச்சி மருந்து இருந்தது. எண்ணெய் வாசனை சரியில்லன்னு சமையல்காரம்மா சொல்லியும் சமைக்கச் சொன்னதா அப்ப செய்தியில வந்துச்சு. நான் இந்த ரெண்டு தேதியையும் மறக்கறதே இல்ல.

இந்த ரெண்டுலயும் சாப்பாட்டுத் திட்டத்தைக் குறை சொல்றதை விட, என்ன விட்டுப்போச்சுன்னு பார்க்கணும். கும்பகோணத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடங்கள்ல கூரைக் கொட்டகையை எடுக்க வச்சாங்க. பிள்ளைங்களுக்குப் பரிமாறறதுக்கு முன்னாடி ஒரு டீச்சராவது சாப்பிட்டுப் பார்க்கணும், அதை நோட்டுல எழுதணும்ங்கற விதி இருக்கு, பெத்தவங்களும் முறை வச்சுப் போய் ருசி பார்க்கலாம். உங்க ஸ்கூல்ல அந்த நோட்டு இருக்கா? போய்க் கேளுங்க, கேட்கறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

சமையல் ரூம்ல நான் பார்க்கச் சொல்றது இதுதான்: அரிசி மூட்டை தரையில படாம பலகை மேல இருக்கா, பூச்சி மருந்து, பினாயில் எதுவும் அதே ரூம்ல இல்லையா, எண்ணெய் சீல் வச்ச பாக்கெட்டா, தண்ணித் தொட்டிக்கு மூடி இருக்கா, குக்கரும் கேஸ் டியூபும் எப்ப கடைசியா பார்த்தாங்க, கொதிக்கற சாம்பார் அண்டா பிள்ளைங்க ஓடற வழியில இருக்கா. கடைசி விஷயத்தை யாரும் கவனிக்கறதில்ல, ஆனா வரிசையில தள்ளுமுள்ளு வர்ற இடம் அதுதான்.

சமைக்கறவங்க யாரு? அவங்களுக்கு என்ன சம்பளம்?

சத்துணவு மையத்துல அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர்னு மூணு பதவி. பிள்ளைங்க வாயில சத்துணவு டீச்சர், சத்துணவு ஆயா. நிறைய மையத்துல இந்த மூணுல ஒண்ணு ரெண்டு இடம் காலியாக் கிடக்கும், ஒரே ஆயா நூறு பிள்ளைக்கு அரிசி கழுவி, காய் நறுக்கி, முட்டை உரிச்சு, பாத்திரமும் தேய்ப்பாங்க. தேசிய விதியில 25 பிள்ளை வரைக்கும் ஒருத்தர், 100 வரைக்கும் ரெண்டு பேர், அதுக்கு மேல ஒவ்வொரு நூறுக்கும் இன்னொருத்தர்.

ஒன்றிய அரசுத் திட்டத்துல சமையல்காரருக்கு மாசம் 1,000 ரூபா, அதுவும் வருஷத்துக்குப் பத்து மாசத்துக்குத்தான்னு 2009ல வச்சதை ரொம்ப காலமா மாத்தவே இல்ல. தமிழ்நாடு அதை விடக் கூடுதலா கொடுக்குது, இருந்தாலும் காலமுறை ஊதியம், கௌரவமான பென்ஷன் வேணும்னு சத்துணவு ஊழியர் சங்கங்கள் பல வருஷமா போராடிக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்க கேட்கறது நியாயம்னு நான் வெளிப்படையாவே சொல்றேன். நம்ம பிள்ளைங்க வயித்தைப் பார்க்கறவங்க ரிட்டயர் ஆனதும் ரேஷன் அரிசியை நம்பி உட்கார்ற நிலைமை இருக்கக்கூடாது.

காலை உணவு வேற ஏற்பாடு, மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கறாங்க. அதே பள்ளியில தன் பிள்ளை படிக்கற அம்மாவாப் பார்த்து எடுக்கணும்னு வச்சது நல்ல யோசனை, தன் பிள்ளை சாப்பிடற அண்டாவுல யாரும் அலட்சியம் காட்ட மாட்டாங்க.

"அவங்க சமைச்சா எங்க பிள்ளை சாப்பிடாது"ன்னு ஊர்ல சிலர் சொல்றாங்களே?

நேராவே சொல்றேன், இது சாதி வெறி, வேற பேர் கிடையாது. 2018ல அவிநாசி பக்கத்துல ஒரு பள்ளிக்குப் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த அம்மா சமையலரா வந்ததுக்கு ஊர்ல எதிர்ப்பு தெரிவிச்சு, அதிகாரிகளும் அவங்களை மாத்திட்டாங்க. அப்புறம் மாநிலம் முழுக்க எதிர்ப்பு கிளம்பினதும்தான் அந்த உத்தரவை ரத்து பண்ணாங்க. 2023ல கரூர் மாவட்டத்துல காலை உணவுக்கு இதே மாதிரி நடந்தப்ப மாவட்ட ஆட்சியரே அங்க போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒரே வரிசையில உட்கார்ந்து ஒரே அண்டா சோத்தைத் திங்கற பழக்கம் ஆறு வயசுல வந்தா அது சும்மா போகாது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல இதுக்கு வழக்குப் போட முடியும். உங்க ஊர்ல இப்படி நடந்தா நடுவுல நின்னு சமாதானம் பேசாதீங்க, அந்தச் சமையலர் பக்கம் நில்லுங்க, மறுநாளே உங்க பிள்ளையையும் கூட்டிட்டுப் போய் நீங்களும் சாப்பிடுங்க.

எங்களுக்கு வசதி இருக்கு. ஏழைப் பிள்ளைங்க சாப்பாட்டை நாம ஏன் எடுக்கணும்?

நல்ல மனசுலதான் கேட்கறீங்க, ஆனா பேர் கொடுக்கலாம், கொடுக்கணும்னே சொல்வேன். யாரோடதையும் நீங்க எடுக்கல, பேர் கொடுத்த பிள்ளைங்க எண்ணிக்கைக்குத்தான் பொருள் வரும். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை டிபன் பாக்ஸோட ஒதுங்கி உட்கார்ந்து, இல்லாத வீட்டுப் பிள்ளை தட்டோட வரிசையில நின்னா, சாப்பாட்டு மணி அடிச்சதும் கிளாஸ் ரெண்டாப் பிரியுது. வெட்கப்பட்டு பேர் கொடுக்காம பட்டினி கிடக்கற பெரிய கிளாஸ் பிள்ளைங்க எல்லா ஸ்கூல்லயும் இருக்காங்க. அதோட கேள்வி கேட்கத் தெரிஞ்ச பெத்தவங்க பிள்ளையும் அங்க சாப்பிட்டாத்தான் சாம்பார் கெட்டியாகும். ஜப்பான்ல வசதி பார்க்காம கிளாஸ்ல எல்லாரும் ஒரே சாப்பாடு, பிள்ளைங்களே பரிமாறி அவங்களே சுத்தம் பண்றாங்க.

பெரிய கிச்சன்ல மொத்தமா சமைச்சு வண்டியில அனுப்பினா நல்லது இல்லையா?

பெரிய நகரத்துல இடமில்லாத பள்ளிக்கு அது வேணும்தான், மாநகராட்சிப் பகுதியில காலை உணவு அப்படித்தான் போகுது. மத்த இடத்துல பள்ளியிலயே சமைக்கறதுதான் எனக்குப் பிடிச்சது. சூடா இருக்கும், உப்பு குறைஞ்சா பிள்ளைங்க நேரா ஆயாகிட்ட சொல்லலாம், உள்ளூர்ப் பெண்ணுக்கு வேலை, பெத்தவங்க எட்டிப் பார்க்கலாம். இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கற கிச்சனை யார் எட்டிப் பார்க்கறது? பிரேசில்ல 2009ல கொண்டு வந்த சட்டத்துல, பள்ளி உணவுக்கு ஒன்றிய அரசு கொடுக்கற பணத்துல குறைஞ்சது 30 சதவீதத்துக்கு சின்ன விவசாயிகள்கிட்ட வாங்கணும்னு வச்சாங்க. நம்ம கீரை, முருங்கை, தக்காளிக்கு இங்கயும் அப்படி ஒரு வழி வந்தா ஊருக்கும் நல்லது, தட்டுக்கும் நல்லது.

5ஆம் கிளாஸ் முடிஞ்சா காலை உணவு நின்னுடுதே?

இதுதான் இப்ப பெரிய ஓட்டை. வளர்ற வயசு, பொண்ணுங்க வயசுக்கு வர்ற நேரம், இரும்புச்சத்து அதிகம் வேண்டிய நேரம், நடுநிலைப் பள்ளிக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கணும், அந்த நேரம் பார்த்து காலைத் தட்டு போயிடுது. நடுநிலைப் பள்ளியில தம்பி சாப்பிட அக்கா வெளிய நிக்கறா. அடுத்து விரிவாக்கறதுன்னா முதல்ல இவங்களுக்குத்தான் விரிவாக்கணும்.

சாப்பாடு சரியில்ல, இல்ல சமைக்கவே இல்லன்னா என்ன பண்றது?

முதல்ல இது சலுகை இல்ல, உரிமை. 2001 நவம்பர் 28ல உச்ச நீதிமன்றம் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியில சமைச்ச உணவு போட்டே ஆகணும்னு எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டுச்சு, 2013ல அது சட்டமாவும் ஆச்சு. 2015ல வந்த விதிப்படி ஏதோ காரணத்துல ஒரு நாள் சாப்பாடு போடலன்னா அந்த நாளுக்குரிய தானியமும் சமையல் செலவுப் பணமும் அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள பிள்ளைக்குப் போய்ச் சேரணும். தொடர்ந்து 3 நாளோ மாசத்துல 5 நாளோ போடலன்னா யார் பொறுப்புன்னு மாநில அரசு நடவடிக்கை எடுக்கணும்.

நடைமுறையில, முதல்ல தலைமை ஆசிரியர்கிட்டயும் அமைப்பாளர்கிட்டயும் பேசுங்க, பாதிப் பிரச்சனை கேஸ் வரல, பருப்பு ஸ்டாக் வரலங்கற மாதிரிதான் இருக்கும், அவங்களே மேல எழுதி வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருப்பாங்க. தீரலன்னா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல தீர்மானமா எழுத வைங்க, வாயால சொன்னா காத்துல போயிடும். அப்புறம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துல சத்துணவுப் பிரிவு, திங்கக்கிழமை ஆட்சியர் அலுவலகத்துல குறைதீர் நாள் மனு. பள்ளிக்கல்வி உதவி எண் 14417, பிள்ளைங்களுக்குன்னே உள்ள உதவி எண் 1098. சாப்பிட்டு பிள்ளைக்கு வாந்தி, மயக்கம் வந்தா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு 108க்கு அடிங்க, மீதி இருக்கற சாப்பாட்டைக் கொட்டவிடாம எடுத்து வைக்கச் சொல்லுங்க, என்ன ஆச்சுன்னு கண்டுபிடிக்க அது வேணும்.